மறந்துவிடுகிறார் என்றால் நான் போய் என்ன பயன்?

கடலூரிலிருந்து 57 வயது வாசகி ஒருவர் ஏழு பக்கத்துக்கு எழுதியிருக்கிறார். அவர் கேட்டுக்கொண்டபடி பெயரையும் தெருவையும் நீக்கி, சில விவரங்களை மாற்றி, கடிதத்தைச் சுருக்கித் தருகிறேன்.

அஞ்சல் துறையில் வேலை பார்த்து விருப்ப ஓய்வு பெற்றவர் இவர். இரண்டு தெரு தள்ளி ஒரு பெரியவர் இருக்கிறார். வயது 76. அரசுப் பேருந்து நடத்துனராக இருந்து 2007-ல் ஓய்வு பெற்றவர். பெரும்பாலும் கடலூர் - புதுச்சேரி தடத்தில் ஓடியவர். நாலு வருடமாக மறதிநோய். மனைவிக்கு 70 வயது, முழங்கால் தேய்மானம். மகன் வெளிநாட்டில், மகள் சென்னையில். "பாடலீஸ்வரர் கோயிலுக்குப் போய் ஒரு வருஷம் ஆச்சும்மா" என்று அந்த அம்மாள் ஒரு நாள் கண்கலங்கியிருக்கிறார். "செவ்வாயும் வெள்ளியும் நான் வந்து ஐயாகூட உட்கார்ந்துக்கறேன், நீங்க போயிட்டு வாங்க" என்று இவராகவே முன்வந்திருக்கிறார். மாலை நாலரையிலிருந்து ஆறரை வரை. மூன்று மாதம் ஆகிறது.

முதல் மாதம் நன்றாகத்தான் போனது. அப்புறம்தான் சிக்கல். ஐந்து மணி தாண்டினால் பெரியவர் எழுந்து, "டூட்டிக்கு நேரமாயிடுச்சு, பை எங்க?" என்று தேடுகிறார். "ஐயா, நீங்க ரிட்டயர் ஆகி எத்தனையோ வருஷம் ஆச்சு" என்று இவர் எடுத்துச் சொன்னால் கோபப்படுகிறார். ஒரு நாள் வாசலை மறித்து நின்றவரைத் தள்ளிவிட்டார்; இவருக்கு முழங்கை வீங்கிவிட்டது. இறந்துபோன தன் தங்கையின் பெயர் சொல்லி இவரைக் கூப்பிடுகிறார். நினைவைத் தூண்டலாம் என்று இவரும் போகும்போதெல்லாம் "நான் யாரு சொல்லுங்க, இன்னைக்கு என்ன கிழமை சொல்லுங்க" என்று பயிற்சி கொடுத்து, வல்லாரைத் துவையலும் செய்து எடுத்துப் போகிறார்.

அந்த அம்மாள் இப்போது ஆறரைக்குப் பதில் எட்டு மணிக்குத் திரும்புகிறார். அலைச்சல் குறையட்டும் என்று ஒரு தூக்க மாத்திரையைத் தயிர்சாதத்தில் நசுக்கிப் போட்டுக் கொடுக்கச் சொல்கிறார். ஒரு நாள் இவர் போகத் தாமதமானபோது வெளிப்பக்கம் தாழ்ப்பாள் போட்டுவிட்டுக் கிளம்பியிருந்தார். மகன் போனில் பேசி, அப்பாவிடம் பவர் பத்திரம் எழுதி வாங்க வேண்டும், சார் பதிவாளர் அலுவலகத்துக்குக் கூட்டிப்போய் நீங்களே சாட்சிக் கையெழுத்தும் போட்டுவிடுங்கள் என்று கேட்டிருக்கிறார். "சம்பளம் இல்லாத வேலை. நாளைக்கு ஏதாவது ஆனா பழி உன் தலையிலதான்" என்கிறார் வாசகியின் கணவர்.

கடிதத்தின் கடைசிப் பக்கத்தில்தான் இன்னொரு விஷயம் வருகிறது. இவருடைய அம்மாவுக்கும் இதே நோய் இருந்திருக்கிறது. ஆறு வருடத்துக்கு முன் காலமானார். அது நோய் என்று யாருக்கும் புரியாமல், பிடிவாதம் என்று நினைத்துத் திட்டியிருக்கிறார்கள். "ஒரு தடவை கையை ஓங்கிட்டேன் டாக்டர்" என்று எழுதியிருக்கிறார். "அவர் என்னை ஒவ்வொரு தடவையும் மறந்துவிடுகிறார். அப்படியானால் நான் போய் என்ன பயன்? தங்கை என்று கூப்பிடும்போது பதில் சொன்னால் அது பொய் இல்லையா? மகன் கேட்பதை மறுக்கலாமா? அம்மாவுக்கு வந்தது எனக்கும் வருமா?" இவைதான் அவருடைய கேள்விகள்.

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் முதல் கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன். 2014-ல் அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்தில் அல்சைமர் என்ற வகை மறதிநோய் உள்ளவர்களுக்குச் சோகமான திரைப்படத் துண்டுகளையும், வேறொரு சமயம் மகிழ்ச்சியான துண்டுகளையும் காட்டினார்கள். சில நிமிடங்களில் அவர்களுக்குப் படம் பார்த்ததே கிட்டத்தட்ட மறந்துபோனது. ஆனால் படம் கிளப்பிய உணர்வு மறையவில்லை. அரை மணி நேரம் கழித்துக் கேட்டபோதும் இருந்தது. எதனால் மனம் கனக்கிறது என்று அவர்களுக்குத் தெரியாது, ஆனால் கனத்தது. எதனால் லேசாக இருக்கிறது என்றும் தெரியாது, ஆனால் லேசாக இருந்தது.

மூளையில் புதுச் செய்திகளைப் பதிய வைக்கும் பகுதி இந்த நோயில் முதலில் அடிபடுகிறது. அதனால்தான் காலையில் சாப்பிட்ட இட்லி நினைவில்லை, உங்கள் பெயர் நினைவில்லை. உணர்வைத் தாங்கும் வழிகள் அத்தனை சீக்கிரம் அழிவதில்லை. செவ்வாய்க்கிழமை நீங்கள் வந்து போனது வெள்ளிக்கிழமை அவருக்குத் தெரியாது, உண்மைதான். ஆனால் நீங்கள் வந்துபோன ராத்திரி அவர் எப்படிச் சாப்பிட்டார், எப்படித் தூங்கினார் என்று அவர் மனைவியிடம் கேட்டுப் பாருங்கள். நீங்கள் போவதன் பயனை அங்கேதான் பார்க்க வேண்டும்.

இன்னொரு பயனும் கண்ணெதிரே இருக்கிறது. வீட்டில் உண்மையில் உடைந்துகொண்டிருப்பவர் அந்த அம்மாள். நாலு வருடமாக, ராத்திரி பகல் பாராமல், வலிக்கிற காலோடு ஒருவரையே பார்த்துக்கொண்டிருக்கிறார். என்னிடம் மறதிநோய் என்று கூட்டிவரப்படும் முதியவர்களோடு வருகிற மனைவியின் ரத்த அழுத்தத்தையும் நான் பார்ப்பது வழக்கம். பல நேரம் அவரைத்தான் முதலில் கவனிக்க வேண்டியிருக்கிறது. நீங்கள் பெரியவருக்குத் துணை என்று நினைத்துப் போகிறீர்கள். அந்த இரண்டு மணி நேரம் அந்த அம்மாளுக்கும் உரியதுதான்.

முதலில் ஒரு முழுப் பரிசோதனை

இரண்டு வருடத்துக்கு முன் ஒரு மருத்துவர் பார்த்தார், அதே சீட்டுக்கு மாத்திரை வாங்குகிறார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். இது போதாது. மறதிநோயை முழுதாகக் குணப்படுத்தும் மருந்து இன்று இல்லை. டொனிபெசில், மெமான்டின் போன்றவை சிலருக்கு அறிகுறிகளைக் கொஞ்ச காலம் தாங்கிப் பிடிக்கும், அவ்வளவுதான். ஆனால் மறதியோடு ஒட்டிக்கொண்டு வரும் எத்தனையோ விஷயங்கள் சரிசெய்யக்கூடியவை. வைட்டமின் பி12 குறைவு, தைராய்டு சுரப்புக் குறைவு, மனச்சோர்வு, காது கேளாமை, கண்புரை, மலச்சிக்கல், எப்போதோ கீழே விழுந்து தலைக்குள் மெல்லக் கசிந்த ரத்தம் என்று சொல்லிக்கொண்டே போகலாம். அவர் சாப்பிடும் மற்ற மாத்திரைகளேகூடக் குழப்பத்தைக் கூட்டலாம்.

ஒன்றை மட்டும் மறக்காதீர்கள். இரண்டு மூன்று நாளுக்குள் திடீரென்று மோசமானால், அது மறதிநோய் வளர்ந்தது ஆகாது. பெரும்பாலும் சிறுநீர்த் தொற்று, காய்ச்சல், உடலில் நீர் வற்றியது போன்ற ஏதோ ஒன்று. அன்றே மருத்துவரிடம் போக வேண்டும். கடலூர் அரசுத் தலைமை மருத்துவமனையிலோ, கோரிமேட்டில் உள்ள ஜிப்மரிலோ மனநலப் பிரிவில் காட்டலாம். ரத்த அழுத்தம், சர்க்கரை மாத்திரைகளுக்காக அலைய முடியாத வீடு என்றால், 2021-ல் தமிழக அரசு தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பெயரைப் பதியச் சொல்லுங்கள். அந்த மாத்திரைகள் வீட்டுக்கே வரும்.

கூட்டிப்போவது குடும்பத்தின் வேலை. மகள் சென்னையில்தானே இருக்கிறார்? ஒரு நாள் வரட்டும். நீங்கள் உதவியாகக் கூடப் போகலாம். பொறுப்பை நீங்கள் ஏற்க வேண்டாம்.

வல்லாரைத் துவையல் செய்வதைத் தாராளமாகத் தொடருங்கள், அவருக்குப் பிடித்திருந்தால். நினைவு திரும்பும் என்று மட்டும் எதிர்பார்க்காதீர்கள். "நான் யாரு சொல்லுங்க" என்பதை இன்றோடு நிறுத்திவிடுங்கள். அது பயிற்சி இல்லை, பரீட்சை. அவர் தோற்றே தீர வேண்டிய பரீட்சை. கேள்வியும் மறக்கும், உங்கள் முகமும் மறக்கும். தோற்றுப்போன கூச்சம் மட்டும் தங்கும். கதவைத் திறந்து உள்ளே போகும்போதே நீங்களாகச் சொல்லிவிடுங்கள்: "ஐயா, நான் போஸ்டாபீஸ் வசந்தா, உங்ககூடப் பேசலாம்னு வந்தேன்." (உங்கள் பெயரை மாற்றியிருக்கிறேன்.) பத்துத் தடவை கேட்டாலும் பத்துத் தடவையும் அதே குரலில் சொல்லுங்கள்.

"டூட்டிக்கு நேரமாயிடுச்சு"

உங்கள் கடிதத்தில் நான் திரும்பத் திரும்பப் படித்த இடம் இதுதான். முப்பது வருடத்துக்கு மேல் பேருந்தில் ஓடிய மனிதர். மாலை வெளிச்சம் மங்கும் நேரத்தில் மறதிநோய் உள்ள பலருக்கு ஒரு தவிப்பு வரும். எங்கேயோ போக வேண்டும், யாரோ காத்திருக்கிறார்கள் என்று மனம் அடித்துக்கொள்ளும். சிலர் "எங்க வீட்டுக்குப் போகணும்" என்பார்கள், சொந்த வீட்டில் உட்கார்ந்துகொண்டே. இவருக்கு அந்தத் தவிப்பு டூட்டியாக வருகிறது.

அவர் நேரத்தைச் சரியாகச் சொல்லவில்லை என்பது உண்மை. ஆனால் அவர் சொல்ல வருவது நேரத்தை அல்ல. "நான் வேலை உள்ள மனுஷன், எனக்காக ஆள் காத்திருக்கு" என்கிறார். அதைப் போய் நீங்கள் "ரிட்டயர் ஆயிட்டீங்க" என்றால், அவர் காதில் விழுவது என்ன? உன் வேலை போய்விட்டது, நீ வேண்டாதவன் என்று ஒவ்வொரு மாலையும் புதிதாகக் கேட்கிறார். கோபம் வராமல் என்ன செய்யும்?

"சரிங்க ஐயா, கிளம்புங்க" என்று பொய்யாக வழியனுப்பவும் வேண்டாம். திருத்துவதற்கும் பொய் சொல்வதற்கும் நடுவில் நிறைய இடம் இருக்கிறது. கேள்வி கேளுங்கள், ஆனால் அவருக்கு விடை தெரிந்த கேள்வியாக இருக்கட்டும். "புதுச்சேரி வண்டி எந்தெந்த ஸ்டேஜ்ல நிக்கும் ஐயா?" என்று கேட்டுப் பாருங்கள். ஆல்பேட்டை, பெரியகங்கணாங்குப்பம், கன்னியக்கோவில், கிருமாம்பாக்கம், தவளக்குப்பம், அரியாங்குப்பம், முருங்கப்பாக்கம், முதலியார்பேட்டை என்று மடமடவென்று வந்தாலும் ஆச்சரியப்படாதீர்கள். பழைய நினைவுகளும், கையும் நாக்கும் பழகிய வேலைகளும் நெடுநாள் தாக்குப்பிடிக்கும். இடையில் ஒரு ஊரை விட்டுவிட்டால் எடுத்துக் கொடுக்காதீர்கள். அந்த வண்டி அவருடையது.

அவர் தேடுகிற அந்தத் தோல் பை வீட்டில் இருக்கிறதா என்று அம்மாளிடம் கேளுங்கள். இல்லையென்றால் அதுபோல ஒன்று. அதில் கொஞ்சம் சில்லறை போட்டுக் கொடுத்து, தனித்தனியாக அடுக்கித் தரச் சொல்லுங்கள். பழைய நாலணாக் காசு (2011-ல் செல்லாமல் போனது) நாலைந்து கிடைத்தால் இன்னும் நல்லது. கைக்குப் பழக்கமான காசு. எதையாவது வாயில் போடும் பழக்கம் வந்துவிட்டதென்றால் மட்டும் காசு வேண்டாம், பழைய பயணச்சீட்டு போலக் காகிதங்களை மடித்து அடுக்கலாம். சின்னப் பிள்ளைக்கு விளையாட்டுக் காட்டுகிற குரலில் மட்டும் இதைச் செய்யாதீர்கள். "சின்னப் புள்ள மாதிரி ஆயிட்டாரு" என்று நம் ஊரில் பாசமாகத்தான் சொல்கிறார்கள். ஆனால் அவர் பிள்ளை இல்லை. ஒரு வண்டிக் கூட்டத்தைக் கட்டி மேய்த்த 76 வயது மனிதர்.

நேரத்தையும் மாற்றுங்கள். அவருக்கு நாளிலேயே கஷ்டமான இரண்டு மணி நேரத்தை நீங்கள் தேர்ந்தெடுத்திருக்கிறீர்கள். காலை பத்திலிருந்து பன்னிரண்டு வரை போய்ப் பாருங்கள். அந்த அம்மாளும் உச்சிகால பூஜைக்குள் கோயிலுக்குப் போய் வந்துவிடலாம். மாலையில் வீட்டில் யார் இருந்தாலும், இருட்டுவதற்கு முன்பே விளக்கைப் போட்டுவிடுவது, தொலைக்காட்சிச் சத்தத்தைக் குறைப்பது, நாலு மணிக்கே ஏதாவது சாப்பிடக் கொடுப்பது ஆகிய மூன்றும் தவிப்பைக் குறைக்கும். இந்தப் பக்கத்தில் காற்று பலமாக அடிக்கும் நாட்களில், 2011 டிசம்பரில் தானே புயல் வந்த ராத்திரிக்கே திரும்பிப் போய்விடும் முதியவர்களையும் நான் பார்த்திருக்கிறேன். அப்போது "புயல் இல்லை" என்று வாதாடிப் பயனில்லை. ஜன்னலைச் சாத்திவிட்டுக் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாலே போதும்.

அவர் தள்ளியதைப் பற்றி. வாசலை மறித்து நிற்காதீர்கள். மறிப்பவர் யாராக இருந்தாலும் அந்த நேரத்தில் அவருக்கு எதிரிதான். பக்கவாட்டில், ஒரு கை தூரம் தள்ளி நின்று பேசுங்கள். அடங்கவில்லை என்றால் அம்மாளைப் போனில் கூப்பிட்டுவிட்டு, அவரைக் கண்ணில் வைத்துக்கொண்டு விலகி நில்லுங்கள். அடி வாங்கிப் பொறுத்துக்கொள்வது தொண்டின் பகுதி இல்லை. அன்று நடந்ததை அந்த அம்மாளிடமே மறைத்திருக்கிறீர்கள். சொல்லிவிடுங்கள்; மருத்துவருக்கும் அது தெரிய வேண்டும்.

தங்கை விஷயத்துக்கு வருகிறேன். "நான் உங்க தங்கச்சிதான்" என்று நீங்கள் சொல்லத் தேவையில்லை. "நான் அவங்க இல்லை, அவங்க செத்துப் போயிட்டாங்க" என்றும் சொல்லாதீர்கள். அந்த மரணச் செய்தி அவருக்கு அன்றைக்குத்தான் வந்ததாக இருக்கும். நாளைக்குச் சொன்னால் நாளைக்கும் புதுச் செய்திதான். "தங்கச்சின்னா உங்களுக்கு ரொம்பப் பிரியமா ஐயா? எப்படி இருப்பாங்க?" என்று கேளுங்கள். அவர் பேசட்டும். இதில் பொய் எங்கே இருக்கிறது? உங்கள் முகத்தைப் பார்த்ததும் தனக்குப் பிரியமான ஒருத்தியின் நினைவு வருகிறது என்றால், அந்த வீட்டில் உங்களுக்குக் கிடைத்திருக்கும் இடம் எது என்று யோசித்துப் பாருங்கள். ஆனால் ஒரு நாள் தெளிவாக இருக்கும்போது, "எனக்கு என்னமோ ஆயிடுச்சு, இல்ல?" என்று அவரே கேட்டால் மழுப்பாதீர்கள். "ஆமா ஐயா, ஞாபகம் கொஞ்சம் தடுமாறுது. நாங்க கூட இருக்கோம்" என்று உண்மையைச் சொல்லிவிடுங்கள்.

முடியாது என்று சொல்ல வேண்டியவை

பவர் பத்திரத்துக்குச் சாட்சிக் கையெழுத்து போடவே போடாதீர்கள். நான் வழக்கறிஞர் இல்லை. ஆனால் இதுபோன்ற வழக்குகளில் மருத்துவச் சான்று கேட்டு எங்களிடம் வருவதால் அடிப்படை தெரியும். எழுதிக் கொடுப்பவருக்கு, தான் எதில் கையெழுத்து போடுகிறோம், அதனால் தனக்கு என்ன ஆகும் என்று புரிய வேண்டும். 1872-ம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 12-வது பிரிவு சொல்வது இதைத்தான். கிழமையும் வருடமும் தெரியாத நிலையில் வாங்கிய பத்திரத்தை நாளை மகளோ வேறு யாரோ எதிர்த்தால், கூண்டில் ஏறிப் பதில் சொல்ல வேண்டியவர் சாட்சி போட்ட நீங்கள்தான். இன்னொன்றும் பலருக்குத் தெரிவதில்லை. நல்ல நினைவோடு இருந்தபோதே எழுதிய பவராக இருந்தாலும், எழுதியவர் சித்த சுவாதீனம் இழந்தால் அதே சட்டத்தின் 201-வது பிரிவின்படி அந்த முகவர் உரிமை முடிந்துவிடுகிறது. அதனால் மகன் நினைக்கிற வழியில் அவருக்கே பாதுகாப்பு இல்லை.

அவர் கெட்ட எண்ணத்தோடு கேட்கிறார் என்று நான் சொல்லவில்லை. அப்பாவின் செலவுக்குப் பணம் புரட்ட வேண்டியிருக்கலாம்; தூரத்தில் இருக்கிறவர்களுக்கு ஒரு பத்திரம் கையில் இருந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்ற நினைப்பு வருவது சகஜம். முறையான வழி, மருத்துவச் சான்றோடு நீதிமன்றத்தை அணுகி, அவருக்காக முடிவெடுக்க ஒரு பாதுகாவலரை நியமிக்கக் கேட்பது. அந்த அம்மாள் இதற்காகக் கடலூர் நீதிமன்ற வளாகத்தில் இருக்கும் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம். பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் அங்கே இலவச சட்ட உதவி உண்டு. 15100 என்ற எண்ணிலும் கேட்கலாம். மகனிடம் நீங்கள் இவ்வளவு விளக்க வேண்டியதில்லை. "தம்பி, பணம், பத்திரம், பேங்க் விஷயத்துல நான் தலையிட மாட்டேன். அப்பாகூட உட்கார்ந்து பேசறது மட்டும்தான் என்னால முடியும்." இது போதும். ஏடிஎம் அட்டையைக் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

(இதைப் படிக்கும் வேறு யார் வீட்டிலாவது மறதி ஆரம்பக் கட்டத்தில் இருந்தால், அவருக்குத் தெளிவு இருக்கும்போதே உயில், வங்கிக் கணக்கு இரண்டையும் அவர் விருப்பப்படி ஒழுங்குபடுத்திவிடுங்கள். தனக்கு எப்படிப்பட்ட சிகிச்சை வேண்டும், தன் சார்பில் யார் பேச வேண்டும் என்று முன்கூட்டியே எழுதிவைக்க 2017-ம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டம் இடம் தருகிறது. மறதிநோய் முற்றிய பிறகு இந்தக் கதவு மூடிவிடும்.)

மாத்திரையும் அப்படித்தான். தூக்க மாத்திரை முதியவர்களைத் தள்ளாட வைக்கும், குழப்பத்தைக் கூட்டும். விழுந்து இடுப்பெலும்பு முறிந்தால் எழுந்து நடப்பதே சந்தேகம். சில மாத்திரைகளை நசுக்கவே கூடாது. தெரியாமல் சோற்றில் கலந்து கொடுப்பது என்ற முடிவை மருத்துவரும் குடும்பமும் சேர்ந்து எடுக்க வேண்டும், அதுவும் வேறு வழியே இல்லாதபோது. எந்த மாத்திரையாக இருந்தாலும் அந்த அம்மாளே கிளம்புவதற்கு முன்போ வந்த பிறகோ கொடுக்கட்டும். சாப்பாடு ஊட்டுவதும் உங்கள் வேலை இல்லை. ஏதாவது தின்னக் கொடுத்தால் நிமிர்ந்து உட்கார்ந்திருக்கிறாரா என்று பாருங்கள். பண்ருட்டிப் பலாச்சுளை அவருக்கு உயிர் என்று எழுதியிருக்கிறீர்கள். கொட்டை எடுத்து, சின்னச் சின்னத் துண்டாக நறுக்கிக் கொடுங்கள். சர்க்கரை இருக்கிறதா என்று முன்னாலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

வெளித்தாழ்ப்பாளைப் பற்றிப் பேசும்போது அந்த அம்மாளைக் குற்றவாளியாக்காதீர்கள். பயந்து போட்டிருக்கிறார். ஆனால் உள்ளே கேஸ் அடுப்பு இருக்கிறது. ஒரு தீ, ஒரு மயக்கம் என்றால் திறக்க ஆளில்லை. ஆள் இல்லாமல் அவரை விடக் கூடாது. அதனால் நீங்கள் வந்த பிறகுதான் அவர் கிளம்ப வேண்டும், நீங்கள் வர முடியாவிட்டால் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். கதவின் உள்பக்கம் கண்ணுக்கு உயரமாக ஒரு தாழ்ப்பாளும், திறந்தால் ஒலிக்கும் ஒரு மணியும் போடலாம். இவர் நழுவினால் போகிற இடம் அநேகமாகத் திருப்பாதிரிப்புலியூர் பேருந்து நிலையம்தான். முனைக் கடைக்காரர், ஆட்டோ ஸ்டாண்டு, பேருந்து நிலைய நேரக்காப்பாளர் எல்லோருக்கும் அவர் முகம் தெரிந்திருக்கட்டும். சட்டைப் பையில் ஒரு தொலைபேசி எண் எப்போதும் இருக்க வேண்டும். காணவில்லை என்றால் தேடிப் பார்ப்போம் என்று பொழுதைக் கடத்தாமல் உடனே 112-க்குச் சொல்லிவிடுங்கள்.

பேசிய நேரம் என்றால் பேசிய நேரம்தான். அந்த அம்மாளுக்கு இரண்டு மணி நேரம் போதவில்லை என்றால் அது நியாயமான தேவை, ஆனால் அதை நிரப்ப வேண்டியவர்கள் பிள்ளைகள். மகன் பணம் அனுப்பிப் பகலில் ஒரு உதவியாளரை அமர்த்தட்டும். குளிக்கவைப்பது, கழிப்பறைக்குக் கூட்டிப்போவது போன்றவற்றுக்கு ஆண் உதவியாளர் இருந்தால் அவருக்கும் கூச்சம் இருக்காது. பெற்றோரைப் பராமரிப்பது பிள்ளைகளின் கடமை என்று 2007-ம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. அதைக் காட்டி மிரட்டும் வீடு இது என்று எனக்குத் தோன்றவில்லை. ஆனாலும் அந்த அம்மாள் தெரிந்துவைத்திருப்பது நல்லது. முதியோர் உதவிக்கு 14567, அவருடைய மனச்சோர்வுக்குப் பேச 14416. இரண்டும் கட்டணமில்லாத எண்கள். உங்கள் கணவரின் பயத்துக்கும் இந்த வரம்புகள்தான் பதில். பணம், மருந்து, பத்திரம் மூன்றையும் தொடாதவர் மேல் பழி வருவது கடினம். நீங்கள் என்றைக்கு எத்தனை மணிக்கு வந்தீர்கள், போனீர்கள், என்ன நடந்தது என்று ஒரு நோட்டில் இரண்டு வரி எழுதி அந்த வீட்டிலேயே வையுங்கள்.

உங்களுக்கும் வருமா?

இது தொற்றுநோய் இல்லை. பெரியவரோடு ஒரே தட்டில் சாப்பிட்டாலும் வராது. வயதான காலத்தில் அம்மாவுக்கு வந்திருந்தால் உங்களுக்கு வாய்ப்பு மற்றவர்களைவிடக் கொஞ்சம் கூடுதல், ஆனால் வந்தே தீரும் என்பதில்லை. உலகில் வரும் மறதிநோயில் ஏறக்குறைய 45 சதவீதத்தை, மாற்றக்கூடிய 14 காரணிகளைக் கவனிப்பதன் மூலம் தடுக்கவோ தள்ளிப்போடவோ முடியலாம் என்று லான்செட் மருத்துவ இதழின் ஆணையம் 2024-ல் கணக்கிட்டது. ரத்த அழுத்தம், சர்க்கரை, கெட்ட கொழுப்பு, காது கேளாமை, பார்வைக் குறை, உடலுழைப்பின்மை, தனிமை எல்லாம் அந்தப் பட்டியலில் வருகின்றன. உங்களுக்கு ரத்த அழுத்தம் இருந்தும் மாத்திரையை விட்டுவிட்டதாக எழுதியிருக்கிறீர்கள். அதை இந்த வாரமே மறுபடி தொடங்குங்கள்.

உங்கள் அம்மா

நான் மேலே சொன்ன ஆய்வைப் படித்ததும், "அப்படியானால் நான் திட்டியதும் அம்மாவுக்குள் தங்கியிருக்குமே" என்றுதான் உங்கள் மனம் போயிருக்கும். அந்த ஆய்வு அளந்தது நிமிடக் கணக்கில். ஒரு மாலையின் கோபம் அந்த மாலையைக் கெடுத்திருக்கும், அதை நான் மறைக்கப் போவதில்லை. ஆனால் நீங்கள் தலை வாரிவிட்ட காலைகளும், பக்கத்தில் படுத்த ராத்திரிகளும் அதே கணக்கில்தான் வரும். உங்கள் கடிதப்படி இரண்டு வருடம் அம்மாவை வேறு யாரிடமும் விடாமல் வைத்திருந்தவர் நீங்கள். அது நோய் என்று அன்று உங்களுக்கு யாரும் சொல்லவில்லை. மருத்துவர்களாகிய நாங்களும் சொல்லவில்லை.

இதை ஏன் இவ்வளவு பேசுகிறேன் என்றால், நீங்கள் அம்மாவுக்குப் பட்ட கடனைப் பெரியவரிடம் அடைக்கப் பார்க்கிறீர்களோ என்று எனக்குத் தோன்றுகிறது. கடன் தீர்க்கப் போகிறவருக்கு "முடியாது" என்ற வார்த்தை வராது. எட்டு மணி வரை உட்கார்ந்ததும், முழங்கை வீக்கத்தை மறைத்ததும், மகனுக்கு இன்னும் பதில் சொல்லாமல் இருப்பதும் அதனால்தான். அந்தப் பெரியவருக்கு நீங்கள் எந்தக் கடனும் பட்டவர் இல்லை. அவர் ஒரு பழைய கண்டக்டர், நல்ல பேச்சுத் துணை, பலாச்சுளைப் பிரியர். அவருக்காகப் போங்கள். அம்மாவை நினைத்து அழ வேண்டும் என்றால் கணவரிடம் அழுங்கள், முடியாவிட்டால் ஒரு ஆலோசகரிடம் நாலைந்து தடவை போய்ப் பேசுங்கள். 14416-ல் தமிழிலேயே பேசலாம்.

வருகிற செவ்வாய்க்கிழமை, வழக்கமான நேரத்துக்கு அரை மணி முன்னதாகப் போய் அந்த அம்மாளிடம் உட்கார்ந்து பேசுங்கள். காலை நேரம், இரண்டு மணி நேரம், மாத்திரை இல்லை, வெளித்தாழ்ப்பாள் இல்லை, அவருடைய கைப்பேசி எப்போதும் கையில் இருக்க வேண்டும். ஐந்தையும் அந்த நோட்டின் முதல் பக்கத்தில் எழுதுங்கள். மகளிடம் போனில் பேசி, பரிசோதனைக்கு எந்த நாள் வருகிறார் என்று அன்றே கேட்டுவிடச் சொல்லுங்கள். பி12, தைராய்டு முடிவுகள் வந்ததும், மருத்துவர் என்ன சொன்னார் என்பதோடு எனக்கு ஒரு வரி எழுதுங்கள். எத்தனை ஸ்டேஜ் சொன்னார் என்பதையும் மறக்காமல் எழுதுங்கள்.